சூடு தெரியல

பாலிஷ் மெஷினைக் கையில் எடுத்தாயிற்று, பட்டனை அழுத்த வேண்டியதுதான் பாக்கி, பாக்கியநாதன் அழுத்தாமல் நின்றான். வயரைத் தோளுக்கு மேலே தூக்கி முதுகுப் பக்கம் விட்டான், அது சரியாகக் கிடக்கிறதா என்று திரும்பிப் பார்த்தான், ஏப்ரன் நாடாவை இடுப்புக்குள் செருகினான், செருகியதை எடுத்து மறுபடியும் செருகினான். சுற்றுகிற பேடில் ஒரு நாடா சிக்கினால் போதும், கையையே முறுக்கிவிடும், அதனால் இதையெல்லாம் எவனும் செய்வான், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டான். சந்தேகப்பட அங்கே இருந்தது இரண்டே பேர். கடை முதலாளி முகைதீன் பாய் கண்ணாடி அறைக்குள் ஃபோனில் யாரிடமோ சிரித்துக்கொண்டிருந்தார். காருக்குச் சொந்தக்காரி கோமதி டீச்சர், தமிழ் டீச்சராக இருந்து ரிட்டையர் ஆனவர், பிளாஸ்டிக் நாற்காலியைக் காருக்குப் பக்கத்திலேயே இழுத்துப் போட்டு, ஆபரேஷன் தியேட்டர் வாசலில் காத்திருக்கிற சொந்தக்காரர் மாதிரி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே ஏசி ஓடுகிறது, வந்து உட்காருங்கள் என்று பாய் சொல்லிப் பார்த்தார். "இல்ல பாய், நான் பண்ணுன பாவம், நானே இருந்து பாக்குறேன்" என்று சொல்லிவிட்டார் டீச்சர். பாவம் என்றால் இதுதான்: ஆயுத பூஜைக்கு பானெட்டில் சந்தனத்தைக் குழைத்துப் பெரிய பெரிய பொட்டாக அப்பி, மேலே குங்குமம் வைத்து, வெயிலில் காயவிட்டு, அது கல்லாக இறுகிய பிறகு, குத்துவிளக்கு தேய்க்கிற தேங்காய் நாரை எடுத்து அழுத்தி அழுத்தித் தேய்த்திருக்கிறார். பொட்டு போய்விட்டது. பொட்டு இருந்த இடமெல்லாம் கோழி கிளறினது போலக் கீறல். கருநீலக் கார் வேறு, ஒரு முடி அகலக் கீறலைக்கூட ஒளித்து வைக்காத கலர். மகன் நாளைக்கு மஸ்கட்டிலிருந்து வருகிறானாம், அவன் வாங்கிக் கொடுத்த காராம். "பாத்தான்னா திட்ட மாட்டான் தம்பி, ஒண்ணுமே சொல்ல மாட்டான், அதான் பயமா இருக்கு" என்று வந்ததும் வராததுமாகச் சொன்னார். பயமா இருக்கு என்பதை எவ்வளவு லேசாகச் சொல்லிவிடுகிறார்கள் என்று பாக்கியநாதனுக்குப் பொறாமையாக இருந்தது.

அலமாரியில் இன்னொரு மெஷின் இருந்தது. அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தான். பாய் புதிதாக வாங்கியது. இவன் கையில் இருப்பது வட்டமாக ஒரே சுற்றுச் சுற்றுகிற ஜாதி, கீறலை அடியோடு எடுத்துவிடும், கொஞ்சம் அசந்தால் பெயிண்டையும் எடுத்துவிடும். அலமாரியில் இருப்பது சுற்றிக்கொண்டே ஆடவும் செய்யும், அதனால் சூடு சட்டென்று ஏறாது, புதுக் கைக்காரன் பிடித்தாலும் லேசில் எதையும் கெடுத்துவிட மாட்டான். நேரம் கூடப் பிடிக்கும், அவ்வளவுதான். முதலில் அதை ஓட்டிப் பார்க்க வேண்டும், அதற்கும் போகாத கீறலுக்குத்தான் இதைத் தொட வேண்டும், முறை அதுதான், அதுவும் அவனுக்குத் தெரியும். ஆனால் அந்த மெஷின் வந்த அன்றைக்கு இவன் வாய் சும்மா இருந்ததா? பாய் டப்பாவைப் பிரித்து ஆசை ஆசையாக ஓட்டிக் காட்டினபோது, "இதுல தயிர் கடையலாம் பாய், காரு பாலிஷ் போட முடியாது" என்றான். கடையே சிரித்தது. பாயும் சிரித்தார். அதோடு விட்டானா? கொரோனா சமயத்தில் நெற்றிக்கு நேரே நீட்டுவார்களே ஒரு துப்பாக்கி, அதே மாதிரி ஒன்று கடையில் இருந்தது, தகரம் எவ்வளவு சுட்டிருக்கிறது என்று பார்க்க. அதில் பேட்டரி தீர்ந்தபோது மாற்றவா என்று பாய் கேட்டார். "என் கை இருக்கும்போது அது எதுக்கு பாய்?" கை இருக்கும்போது. இப்போது திடீரென்று போய் அந்த ஆடுகிற மெஷினை எடுத்தால், என்ன பாக்கியம், இன்னைக்குத் தயிரா என்பார் பாய். சிரித்துக்கொண்டேதான் கேட்பார். கேட்டுவிட்டு யோசிப்பார். யோசிக்க ஆரம்பித்தால் சுற்றிச் சுற்றிக் கடைசியில் இவன் கையில் வந்துதான் நிற்பார். கை என்று தெரிந்துவிட்டால் மெஷினைத் தர மாட்டார், தரக் கூடாதுதான், பாய் இடத்தில் இவன் இருந்தாலும் தர மாட்டான். அப்புறம் வாளியும் ஸ்பாஞ்சும்தான், அதற்கும் இவனைவிட வேகமான ஆட்கள் இருக்கிறார்கள். ஆக, பயப்படுவது வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயத்தில், எதை இன்றைக்குத் தொடவே கூடாதோ அதையே தூக்கிக்கொண்டு நிற்கிறான். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான்.

பேடை பானெட்டில் பதிய வைத்துவிட்டு, வேகத்தைக் குறைவில் திருப்பி, பட்டனை அழுத்தினான். உறுமல் கிளம்பியது. காம்பவுண்ட் என்கிற பாலிஷ் பசை முதலில் வெள்ளையாகப் பரவியது, பிறகு பாலாடை போல மெலிந்தது, மெஷினை இடமிருந்து வலம், வலமிருந்து இடம், நிறுத்தாமல், சாய்க்காமல், எங்கேயும் நிற்காமல் கொண்டுபோனான். நின்றால் சூடு. சாய்ந்தால் சூடு. பெயிண்டுக்கு மேலே கண்ணாடி மாதிரி இருக்கிற கிளியர் கோட் தலைமுடி கனம்கூட இருக்காது, அது வெந்து போனால் மறுபடி பெயிண்ட் அடிப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. அதிர்வு உள்ளங்கைக்குள் புகுந்து மணிக்கட்டு வழியாக முழங்கை வரைக்கும் ஏறுவது தெரிந்தது. விரல்களில் மட்டும் ஒன்றும் இல்லை. இருக்கின்றன, கண்ணால் பார்க்கிறான், பத்தும் மெஷினை ஒழுங்காகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன, வேறு யாருடைய விரல்களையோ வாடகைக்கு வாங்கி மாட்டியது போல. மெஷினை நிறுத்தி ஈரத் துணியால் துடைத்து, வழக்கம் போலப் புறங்கையை பானெட்டில் வைத்தான். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லையா, ஒன்றும் தெரியவில்லையா? மெதுவாக ஓட்டினதால் சூடு ஏறியிருக்காது, ஆமாம், ஏறியிருக்காது. டீச்சரைப் பார்த்துத் தலையாட்டினான். அவரும் ஆட்டினார். விரல் மரத்துப்போனதை முதலில் சட்டைப் பட்டன்தான் காட்டிக் கொடுத்தது, துளைக்குள் போய்விட்டதா இல்லையா என்று குனிந்து பார்த்தால்தான் தெரிந்தது. அப்புறம் மழைநாள் காலையில் குழாயைத் திறந்தால் விரல் நுனியெல்லாம் சாக்பீஸ் போல வெளுத்துப் போய் நிற்கும். "ஏங்க, சுண்ணாம்பு டப்பாவுல கைய விட்டீங்களா?" என்று லீமா கேட்டாள், மனைவிமார்களுக்கு எதுதான் கண்ணில் படாது, ஆமா என்று சொல்லிக் கையை லுங்கிக்குள் விட்டுக்கொண்டான். இது அக்டோபர், வீட்டில் தினமும் ஜெபமாலை. மணி விரலில் நழுவுவது தெரியாமல் அருள்நிறைந்த மரியே சொல்லிக்கொண்டே போய், மகள் பெர்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அப்பா, பத்தைத் தாண்டிப் போயிட்டீங்கப்பா. அவனும் சிரித்தான். ஆனால் அந்தச் சிரிப்பை அவன் வேறொரு இடத்தில் கேட்டிருக்கிறான். அவன் படிக்கிறபோது பள்ளிக்கூடத்துக்கு, யாருக்காவது தொழுநோய் இருக்கிறதா என்று பார்க்க, சுகாதாரத் துறையிலிருந்து ஒருத்தர் கோழி இறகோடு வந்தார். கண்ணை மூடு, எங்கே தொடுகிறேன் என்று காட்டு. வரிசையாக எல்லாரும் காட்டினார்கள், இவன் காட்டினான், கூசியது. அடுத்தது இன்னாசி. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, கையை நீட்டிக்கொண்டு, நல்ல பிள்ளையாக நின்றான். இறகு அவன் கையில் போய்க்கொண்டே இருந்தது, வந்துகொண்டே இருந்தது. "இன்னும் தொடலையா சார்?" என்றான் இன்னாசி. வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது, பாக்கியநாதனும்தான். அந்த ஆள் மட்டும் சிரிக்கவில்லை. இன்னாசி மாத்திரை சாப்பிட்டுக் குணமாகி, இன்றைக்கு மணப்பாறையில் டயர் கடை வைத்து இவனைவிட நன்றாகத்தான் இருக்கிறான், இது அறிவுக்குத் தெரிகிறது, வயிற்றுக்குத் தெரியவில்லை. சர்க்கரையாலும் இப்படி வருமாம். மெஷின் அதிர்வாலும் வருமாம், அதிரும் மெஷினை வருஷக்கணக்கில் பிடித்தவர்களுக்கு விரல் வெளுக்கும், மரத்துப்போகும் என்று ஃபோனில் ஒரு வீடியோ வந்தது, பாதியிலேயே நிறுத்திவிட்டான். டாக்டரிடம் போனால் மூன்றில் எது என்று சொல்லிவிடுவார். சொல்லாத வரைக்கும் மூன்றுமே இல்லை.

மெஷின் மறுபடி உறுமியது, இப்போது கொஞ்சம் வேகமாக வைத்தான், ஏனென்றால் நடுவில் இருந்த பொட்டு டீச்சர் ரொம்பவும் பக்தியோடு தேய்த்த பொட்டு. இந்த வேகத்தில் கவனம் வேண்டும், வேறு எதையும் நினைக்கக் கூடாது, பெர்சியை நினைக்கக் கூடாது. நினைத்தான். போன ஞாயிற்றுக்கிழமை லீமா கையெல்லாம் மாவோடு அடுப்படியில் நின்றாள். "ஏங்க, புள்ள சோந்து சோந்து படுக்குறா, நெத்தியத் தொட்டுப் பாருங்க, சுடுதான்னு." போனான், தொட்டான், முழு உள்ளங்கையையும் வைத்தான். பெர்சி கண்ணைத் திறந்து அப்பாவைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். கையில் ஒன்றும் வரவில்லை. "சூடு தெரியல" என்றான். அடுப்படிக்கு அது, சூடு இல்லை என்றுதான் போய்ச் சேர்ந்தது. யாருக்கும் அப்படித்தான் போய்ச் சேரும். வேலையை முடித்துக் கையைக் கழுவி லீமா வந்து பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தாள், அப்புறம் அவள் போட்ட சத்தத்துக்குத் தெருவே வந்துவிட்டது. கண் மேலே செருகி, பல் கிட்டித்து, கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன, ஆட்டோ, ஆஸ்பத்திரி, ஊசி. காய்ச்சல் வேகத்தில் வந்த வலிப்பு, பயப்பட ஒன்றுமில்லை, முன்னாடியே கவனித்து மருந்து கொடுத்திருக்கலாமே என்றார் ஆஸ்பத்திரி டாக்டரம்மா. லீமா ஒரே ஒரு தடவைதான் கேட்டாள், திரும்பி வரும்போது ஆட்டோவில், பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, ரோட்டைப் பார்த்தபடியே. "தொட்டுப் பாத்தீங்களா, இல்ல, தொடாமலே சொன்னீங்களா?" தொட்டேன் என்றான். அவள் நம்பவில்லை. தொடாமல் சொல்லிவிட்டான் என்றே நினைக்கட்டும், சோம்பேறி என்று நினைக்கட்டும், பிள்ளை மேல் அக்கறை இல்லாதவன் என்று நினைக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டான். அவன் பொய் சொல்லவில்லை. தெரியல என்றுதானே சொன்னான். அந்த வார்த்தையைத்தான் அன்றையிலிருந்து வாய்க்குள் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறான், கரையவும் மாட்டேன் என்கிறது, துப்பவும் முடியவில்லை. பெர்சி இன்றைக்குப் பள்ளிக்கூடம் போயிருக்கிறாள், காலையில் இட்லி சாப்பிட்டாள், சட்னி காரம் என்று அழுதாள், எல்லாம் சரியாகிவிட்டது. கிளம்பும்போது நெற்றியில் கை வைக்கத் தூக்கினான், வைக்காமல் தலையைத் தடவிவிட்டு வந்துவிட்டான்.

நடுப்பொட்டின் கீறல் போய்விட்டது. டீச்சர் எழுந்து வந்து குனிந்து பார்த்து, "அடேயப்பா, எங்க இருந்துச்சுன்னே தெரியலயே" என்றார். இன்னும் ஒன்றே ஒன்று, ஓரத்தில், பானெட்டின் நெளிவு ஒரு கோடாக எழும்பி ஓடுகிறதே, அதை ஒட்டின மாதிரி. எத்தனையோ இடம் இருக்க அந்த இடத்தில்தானா பொட்டு வைக்க வேண்டும்? நெளிவின் முதுகில் பெயிண்ட் எப்போதும் மெல்லிசாகத்தான் நிற்கும், பேடும் அங்கேதான் போய் அழுந்தும், அதனால் மேலே மஞ்சள் டேப்பை ஒட்டி மூடினான். டேப் ஒட்டிக்கொண்டதா என்று விரலால் அழுத்தினான், விரலுக்குத் தெரியவில்லை, கண்ணைக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்த்தான். டேப்புக்கு இந்தப் பக்கம் ஒரு கை அகல இடம், அதற்குள்தான் ஓட்ட வேண்டும். சின்ன இடம் என்றால் மெஷின் போன இடத்திலேயே திரும்பத் திரும்பப் போகும், போன இடத்திலேயே போனால் ஏறும். சின்னப் பேடைப் போட்டு அந்தத் தயிர் மெஷினில் இரண்டு தடவை ஓட்டினால் முடிந்துபோகும் வேலை. பாய் இன்னும் ஃபோனில்தான் இருந்தார், இப்போது சிரிக்கவில்லை, கண்ணாடி வழியாக இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார், அல்லது ஃபோன் பேசுகிறவர்கள் எங்கேயாவது பார்ப்பார்களே, அந்தப் பார்வை. பட்டனை அழுத்திவிட்டான். போனது, வந்தது, போனது, வந்தது. நிறுத்திப் புறங்கையை வைத்தான், ஒன்றுமில்லை. வேறு வழி பார்த்து வைத்திருந்தான், முழங்கையின் உள்பக்கம் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் முழுக்கைச் சட்டையைச் சுருட்டி முழங்கையை பானெட்டில் வைத்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? கன்னத்தை வைக்கலாம். கன்னத்தை வைத்தால் காருக்கு முத்தம் கொடுக்கிறான் என்று கதை கட்டுவார்கள். எதையோ எடுக்கக் குனிவது போலக் குனிந்து கன்னத்தைக் கிட்டத்தில் கொண்டுபோனான், தூசிக்குப் போட்டிருந்த மாஸ்க் நடுவில் நின்றது, கண்ணுக்குப் போட்ட கண்ணாடி வேறு, டீச்சர் என்னவென்று கேட்பது போலப் பார்த்தார், நிமிர்ந்துவிட்டான். கீறல் மங்கிவிட்டது, முழுசாகப் போகவில்லை. இன்னும் ஒரே ஒரு தடவை. காம்பவுண்ட் காய்ந்து தூளாகப் பறந்தது, காய்ந்தால் நிறுத்த வேண்டும், இந்தா, இதோ நிறுத்துகிறேன், இன்னும் அந்தக் கடைசி இழை மட்டும். ஒரு வாடை வந்தது. பேடின் கம்பளி கருகுகிற வாடையா, தெருவில் யாராவது குப்பை கொளுத்துகிறார்களா? பட்டனை விட்டான், பேட் சுற்றி ஓயும் வரை மெஷினை ஏந்திக்கொண்டு நின்று, கீழே வைத்து, பிளக்கைப் பிடுங்கினான். மெஷின் ஓய்ந்தும் கைக்குள் உறுமல் ஓயவில்லை. புறங்கையை வைத்தான். உள்ளங்கையை வைத்தான். அழுத்தி வைத்தான்.

"என்னப்பா, சுடுதா?" என்றார் டீச்சர்.

"சூடு தெரியல டீச்சர்."

வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அது எந்த வார்த்தை என்று அவனுக்கு உறைத்தது. மாவுக் கையோடு லீமா திரும்பிப் பார்க்கிறாள், பெர்சி கண்ணைத் திறந்து மூடுகிறாள். இதற்கு மேல் அவன் திட்டம் போட்டு எதையும் சொல்லவில்லை, வாய் தானாகச் சொன்னது. "டீச்சர், நீங்க கொஞ்சம் தொட்டுப் பாருங்களேன்."

டீச்சருக்கு ஒரே சந்தோஷம். பெரிய காரியத்தில் தன்னையும் சேர்த்துக்கொண்டார்கள் என்கிற மாதிரி வளையலை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு வந்து, அவன் கை இருந்த அதே இடத்தில் கையை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்துவிட்டார்.

"அம்மாடி! காய்ச்சக்காரப் புள்ள நெத்தி மாதிரியில்ல கொதிக்குது!"

பாக்கியநாதன் துணியை எடுத்து நனைத்துப் பிழிந்து போட்டான், எடுத்தான், மறுபடி போட்டான். ஆறட்டும், ஆறட்டும் என்று யாரிடமோ கெஞ்சுவது போல முணுமுணுத்தான். பிறகு துடைத்துவிட்டு, கை விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தான். வெள்ளை பூக்கவில்லை, மங்கவில்லை, விளக்கு முழு விளக்காக உள்ளே தெரிந்தது. தப்பித்தது. இன்னும் ஒரே ஒரு தடவை ஓட்டியிருந்தால் போயிருக்கும். அப்பாடா என்றுகூடச் சொன்னான், சொல்லிவிட்டு நிமிர்ந்தால் டீச்சர் பானெட்டைப் பார்க்கவில்லை. அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா, நீயும் அதே எடத்துலதான கைய வச்ச. நல்லா அமுத்தியில்ல வச்ச?"

"ஆமா டீச்சர்."

"சூடு தெரியலன்ன."

"ஆமா டீச்சர்."

"சூடு இல்லன்னு சொன்னியா, ஒனக்குத் தெரியலன்னு சொன்னியா? ரெண்டும் வேற வேறயில்ல?"

காலமெல்லாம் பிள்ளைகளின் வாக்கியத்தைத் திருத்திய பழக்கத்தில்தான் கேட்டார், வேறு உள்நோக்கம் ஒன்றும் இல்லை. ஆனால் அன்றைக்கு ஆட்டோவில் லீமாகூடக் கேட்காத கேள்வி அது. மழுப்பப் பதில்கள் இருந்தன, எல்லாம் தயாராகவே இருந்தன, கையில் காம்பவுண்ட் இருந்தது, பழகின கை அதனால் சூடு உறைக்கவில்லை, சும்மா உங்களைத் தொடச் சொன்னேன். பக்கத்தில் செருப்புச் சத்தம் கேட்டது. பாய் கையில் டீ கிளாஸோடு வந்து நின்றார்.

"எனக்குத் தெரியல டீச்சர்" என்றான். "ரொம்ப நாளாத் தெரியல."

பாய் கிளாஸை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். "என்னா பாக்கியம் சொல்ற?" என்றார் மெதுவாக. பாக்கியநாதனுக்கு மாஸ்க்குக்குள் மூச்சு சூடாக இருந்தது, அந்தச் சூடு தெரிந்தது. டீச்சர் கைப்பையை பானெட்டில் வைக்கப் போய், பயந்து, நாற்காலியில் வைத்துவிட்டு வந்தார்.

"கையக் குடு" என்றார். "கண்ண மூடிக்க. எந்த வெரல்னு சொல்லு."

நீட்டினான். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். இருட்டுக்குள் ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது, கம்ப்ரெஸர் காற்றை விட்டது, பாய் டீயை உறிஞ்சாமலே தொண்டையைச் செருமினார். டீச்சர் எந்த விரலிலிருந்து ஆரம்பிப்பார், பெருவிரலாகத்தான் இருக்கும், எது பட்டாலும் உடனே சொல்லிவிட வேண்டும், கொஞ்சம் பட்டாலும் போதும், பிடித்துக்கொள்ளலாம். காத்திருந்தான். டீச்சர் யோசிக்கிறார் போலிருக்கிறது. இன்னும் கொஞ்சம் காத்திருந்தான்.

"இன்னும் தொடலையா டீச்சர்?" என்றான்.

கண்ணைத் திறந்தான். டீச்சர் அவனுடைய மோதிர விரலை இரண்டு விரலால் பிடித்து, தன் நகம் வெளுக்கிற அளவுக்கு அழுத்திக்கொண்டிருந்தார்.